மூச்சு விடாததற்கெல்லாம் விலைச்சீட்டு

நோரீனின் பச்சைக் கோட்டை விற்று, எட்டு டாலரைக் கல்லாவில் போட்டு, அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் நோரீன் போன் செய்து அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டாள்.

"கிளைவ், பின்னறையில கொக்கியில என் பச்சைக் கோட் தொங்கும். போன வாரம் வெயில் அடிச்சுதுன்னு விட்டுட்டு வந்துட்டேன். மறக்காம எடுத்துட்டு வா."

"பச்சைக் கோட்டா?"

"பெரிய பட்டன் வச்சது. நீ வாங்கிக் கொடுத்தது."

கிளைவ் பின்னறைக் கொக்கியைப் பார்த்தார். கொக்கி மட்டும்தான் இருந்தது.

"இருக்கா?" என்றாள் நோரீன்.

"இருக்கு, இருக்கு," என்று சொல்லி போனை வைத்தார்.

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் கிளைவ் யாரும் சொல்லாமல் தானே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரே பரிசு அந்தக் கோட். மற்றபடி பிறந்தநாள், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் 'உனக்குப் பிடிச்சதை நீயே வாங்கிக்கோ' என்று சொல்லியே ஓட்டிவிட்ட மனிதர். இன்று காலை அதே கோட்டைக் கையில் எடுத்து, உதறி, விலைச்சீட்டு குத்தி, "குளிருக்கு நல்லா இருக்கும் மேடம்" என்று சிபாரிசும் செய்து விற்றிருக்கிறார். எங்கோ பார்த்த கோட் மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. விற்றதைக் கூடத் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடையாளம் தெரியாமல் போனதற்கு என்ன சொல்வது?

உண்மையில் அவர் அன்று கடைக்கு வந்ததே பிராயச்சித்தமாகத்தான்.

கிளைவிடம் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. பக்கத்துப் பிடியை இழுத்தால் முன்னால் கால் பலகை நீளும். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, டிவிக்கு எதிரே அதுதான் அவர் இருப்பிடம். கோடையில் கிரிக்கெட், குளிரில் கால்பந்து. போன சனிக்கிழமை, நீட்டிய கால் பலகையை மடக்காமல் அவர் ஆட்டத்தில் மூழ்கியிருந்தபோது, டீ கொண்டுவந்த நோரீன் அதில் தடுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. "டீ கொட்டிடுச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதை நினைத்தால் இப்போதும் அவருக்கே காது கூசியது.

வியாழக்கிழமை தோறும் நோரீன் மெல்போர்ன் நகரத்துக்குள் இந்தத் தர்மக் கடைக்கு வருவாள். ஜனங்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய துணிமணி, பாத்திரம் பண்டங்களை விற்று, வீடில்லாதவர்களுக்குச் சோறு போடும் கடை. மத்தியானம் வரை சம்பளமில்லா வேலை. அதற்கப்புறம் ஊர் சுற்றிவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவாள். கிளம்பும்போதெல்லாம், "இன்னைக்காவது வர்றியா?" என்பாள். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்பார் கிளைவ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வாரம் அவரே, "உனக்குப் பதிலா நான் போறேன்" என்றதும் நோரீன் மகிழ்ந்திருக்க வேண்டும். ஏனோ திடுக்கிட்டாள்.

"நீயா? எதுக்கு? வேண்டாம், நான் போன் பண்ணி லீவு சொல்லிடறேன்."

"போறேன்னா போறேன்."

"சரி, போ. ஆனா அங்க யார்கிட்டயும் வாயைக் கொடுக்காதே. 'நோரீன் அனுப்பினா'ன்னு மட்டும் சொல்லு. அது போதும்."

தனக்குப் பேச்சு வராது என்பதற்காக நல்ல மனதோடு சொல்கிறாள் என்று கிளைவ் நினைத்துக்கொண்டார்.

கடையை நடத்துபவள் பெவ். அவள் மெதுவாகப் பேசினால் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் கேட்கும். காலையில் அவரைப் பார்த்ததும் அவள் கேட்டது இரண்டே கேள்வி.

"நோரீன் அனுப்பின ஆளா? பேட்ஜ் எங்கே, கண்ணு?"

"என்ன பேட்ஜ்?"

"பேட்ஜ் இல்லாம கல்லாப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இந்தா, அவளோடதையே குத்திக்கோ."

இப்படியாக, 'நோரீன்' என்று எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு கிளைவ் வேலைக்குச் சேர்ந்தார். பெவ் கடைச் சட்டத்தையும் ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தாள்.

"பின்னறையில இருக்கறதுல எது மூச்சு விடலையோ, அதுக்கெல்லாம் விலைச்சீட்டு போட்டு வெளியே தள்ளு. யோசிச்சுக்கிட்டு நின்னா, நாளைக்கு உள்ள வர வழி இருக்காது."

சிக்னல்காரர். சட்டம் என்றால் சட்டம். கோட் மூச்சு விடவில்லை.

இப்போது பெவ் முன்னால் போய் நின்று, விஷயத்தை மென்று விழுங்கினார்.

"அந்தப் பச்சைக் கோட்டை வாங்கினாங்களே, சிவப்புத் தொப்பி போட்ட அம்மா, அவங்க யாரு?"

"பாம்னு பேரு. ஆத்துல படகுல டிக்கெட் கிழிக்கிறவ. ஏன்?"

"சும்மாதான். சில்லறை குறைச்சுக் கொடுத்துட்டேன்."

"உனக்கு நியாயம் கொஞ்சம் அதிகம், கண்ணு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வூலா கடையில காப்பி குடிப்பா. ரெண்டு சந்து தள்ளி. ஓடு."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கிளைவ் தன் நீல ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னறை மேசையில் வைத்துவிட்டு, சட்டையோடு ஓடினார். மெல்போர்னில் இத்தனை வருஷம் குடியிருந்தவர், வெயிலை நம்பி ஜாக்கெட்டைக் கழற்றியது அவருடைய அன்றைய இரண்டாவது தவறு. எங்கே கழற்றி வைத்தார் என்பது மூன்றாவது.

வூலாவின் காப்பிக் கடை, சந்துக்குள் ஆறு மேசை போட்ட கிரேக்கக் கடை. சிவப்புத் தொப்பி எதுவும் கண்ணில் படவில்லை. கல்லாவில் இருந்த வூலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள்.

"என்னங்க இது, வியாழக்கிழமை பேட்ஜ் மட்டும் வந்திருக்கு? நோரீன் எங்கே?"

"கால் முறிஞ்சு வீட்டுல இருக்கா. அவதான் என்னை அனுப்பினா."

"அடப் பாவமே. நீங்க அவளுக்கு..."

வாயைக் கொடுக்காதே என்ற உத்தரவு கிளைவுக்கு ஞாபகம் வந்தது. "வேண்டியவன்," என்றார்.

வூலாவின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. கல்லாவை விட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சந்தோஷம். நிஜமாவே எனக்கு ரொம்ப சந்தோஷம். அவளுக்கு ஒருத்தர் வேணுங்க. உட்காருங்க. இல்லை, அந்த நாற்காலியில வேண்டாம். அதுல அவ யாரையும் உட்கார விட மாட்டா."

"ஏன்?"

அதற்குள் ஜன்னலோர மேசைக்கு இரண்டு காப்பி வந்து உட்கார்ந்தது.

"பழக்க தோஷம்," என்றாள் வூலா. "வியாழக்கிழமைன்னா கை தானா ரெண்டு போட்டுடுது. இது அவளுக்கு. அது, சர்க்கரை மூணு போட்டது, எதிர் நாற்காலிக்கு."

"எதிர் நாற்காலியில யாரு?"

வூலா அவர் தோளில் கை வைத்தாள். "அதை நான் சொல்றது முறை இல்லைங்க. அவளே மனசு வந்து சொல்லட்டும். நீங்க பொறுமையா இருங்க."

கிளைவுக்குப் பொறுமை அந்த நிமிஷமே போய்விட்டது. வாரா வாரம், ஜன்னலோரம், சர்க்கரை மூன்று. இவரும் மூன்று சர்க்கரைக்காரர்தான். நோரீனுக்கு அமைகிறவன் எல்லாம் இனிப்புப் பைத்தியமாகவே அமைகிறான் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நின்றவாக்கில் அந்தப் போட்டியாளனின் காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். காப்பி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"பாம் இப்பத்தான் போனா. டிராம் பிடிச்சா ஆத்தங்கரையில பிடிச்சிடலாம்," என்றாள் வூலா. "காசெல்லாம் வேண்டாம். அவளை நல்லாப் பார்த்துக்குங்க."

டிராமில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நகரத்துக்குள் டிக்கெட் வேண்டாம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் டிராம் கார்டு வேண்டும்; அதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். அது கிளைவுக்கும் தெரியும். ஆனால் அவர் கண் மட்டும்தான் வெளியே இருந்தது. நினைப்பெல்லாம் அந்த மூன்று சர்க்கரை ஆசாமியின் மேல். மீசை இருக்குமா? நடனம் ஆடுகிறவனாக இருப்பானோ? நோரீனுக்கு ஒரு காலத்தில் நடனம் பிடிக்கும். பிடிக்கும் என்று சொன்னாள். இவர்தான் கூட்டிப் போகவில்லை.

டிராம் பாலத்தைத் தாண்டி வெகு தூரம் போன பிறகு பரிசோதகர் வந்து நின்றார்.

"கார்டு?"

கிளைவ் ஜாக்கெட் பாக்கெட்டில் கை விடப் போய், ஜாக்கெட்டே இல்லாததைக் கண்டார்.

"கடையில விட்டுட்டேன்."

"பேர்?"

"கிளைவ்."

பரிசோதகர் பேட்ஜைப் பார்த்தார். கிளைவைப் பார்த்தார். மறுபடி பேட்ஜைப் பார்த்தார்.

"அது என் பெண்டாட்டி பேரு," என்றார் கிளைவ். "இன்னைக்கு மட்டும் நான் அவளா வந்திருக்கேன்."

டிராமில் அதுவரை போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பரிசோதகர் பெருமூச்சு விட்டார். "இறங்குங்க, நோரீன். அடுத்த தடவை கார்டு கொண்டாங்க."

இறங்கியதும் வெயில் போயிற்று. அவர் பாலத்தை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஆலங்கட்டி விழுந்தது. மொட்டைத் தலையில் பட்டாணி பட்டாணியாக விழ, ஒரு மரத்தடியில் ஒதுங்கி, பெவ்வுக்குப் போன் செய்தார்.

"பெவ், பின்னறை மேசையில என் நீல ஜாக்கெட் இருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்து வை. வீட்டுச் சாவி அதுலதான் இருக்கு."

மறுமுனையில் பெவ்வின் குரல் முதல் தடவையாக நிஜமாகவே மெதுவாக வந்தது.

"மேசையிலயா வச்சே?"

"ஆமா."

"சட்டம் சொன்னேனே, கண்ணு. அது மூச்சு விடலையே."

போனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. நோரீன்.

"என்ன சத்தம் அங்க? எங்கே இருக்கே?"

"கடையிலதான்."

"கடைக்குள்ள ஏன் ஆலங்கட்டி விழுது?"

"வாசல்ல நிற்கிறேன்."

"கோட் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு."

"யார்கிட்டயும் பேச்சு வச்சுக்கலையே?" அந்தக் குரலில் ஒரு பயம் இருந்தது. நாற்பது வருஷப் புருஷனுக்கு அந்த அளவுக்காவது காது இருந்தது.

"நான் யார்கிட்ட பேசப் போறேன்," என்றார் கிளைவ். "எனக்கு இங்க யாரைத் தெரியும்?"

அப்படிச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கு உறைத்தது. காப்பிக் கடைக்காரிக்கு நோரீன் எந்த நாற்காலியில் உட்காருவாள் என்று தெரியும். தனக்கு அவள் கோட் கூடத் தெரியவில்லை.

நனைந்துகொண்டே பாலத்தை அடைந்தபோது மழை விட்டிருந்தது. ஆற்றின் மேல் வெளிச்சம் பரவிக் கிடந்தது. ரயில் நிலையத்தின் மஞ்சள் சுவர் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் யாரோ அக்கார்டியன் வாசிக்க, பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாத்துக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'இன்னைக்கு ஆறு அழகா இருந்துது' என்று நோரீன் வந்து சொல்லும்போதெல்லாம், 'ஸ்கோர் கேட்கலை, கொஞ்சம் இரு' என்று கை காட்டியிருக்கிறார். ஆறு நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

படகுத் துறையில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. பாம் அம்மாள்தான். தோளில் பச்சைக் கோட் இல்லை. அதை மடித்து, குழந்தையைப் போலக் கையில் வைத்திருந்தாள். படகில் சுக்கான் அருகே நின்ற தாடிக்காரன் கிளைவின் நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தான். அவனுக்கு அது கச்சிதமாக இருந்தது.

"மேடம், அந்தக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க," என்றார் கிளைவ், மூச்சு வாங்க. "நான் தெரியாம வித்துட்டேன். அது நோரீனோடது."

"தெரியும்," என்றாள் பாம். "தெரிஞ்சுதான் வாங்கினேன். வியாழக்கிழமை தவறாம இதைப் போட்டுக்கிட்டு என் படகுல வர்றவ. இதைத் தொங்கவிட்டு எவனோ ஒரு மடையன் எட்டு டாலர்னு சீட்டு குத்தியிருந்தான். பெவ்கிட்ட வாதாடறதை விட எட்டு டாலரைக் கொடுத்து மீட்கறது சுலபம். அவ வரும்போது கொடுக்கலாம்னு எடுத்து வச்சேன்."

"அந்த மடையன் நான்தான்."

"தெரியும். 'குளிருக்கு நல்லா இருக்கும் மேடம்'னு வேற சொன்னீங்க." அவள் சிரித்துவிட்டாள். "நோரீனுக்கு என்ன ஆச்சுன்னு உங்களைக் கேட்கலாம்னு பாதி வழியில திரும்பி வந்தேன். உங்களைக் காணோம். பெவ் இந்த ஜாக்கெட்டை என் தலையில கட்டிட்டா. சரி, நம்ம லாக்லனுக்கு ஆகும்னு வாங்கினேன்."

"அதுவும் என்னோடதுதான்," என்றார் கிளைவ்.

"அப்படியா? டேய் லாக்லன், அந்தச் சாவி யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சு."

தாடிக்காரன் சாவியையும் டிராம் கார்டையும் கொடுத்தான். ஜாக்கெட்டைக் கழற்றவும் போனான். "வச்சுக்கப்பா, உனக்குத்தான் நல்லா இருக்கு," என்றார் கிளைவ். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

பாம் கோட்டை அவர் கையில் கொடுத்தாள். "இது அவ புருஷன் வாங்கிக் கொடுத்தது. பட்டன் ஒண்ணு தெறிச்சப்போ, அதே மாதிரி கிடைக்கிற வரைக்கும் ஊரெல்லாம் தேடினா. பத்திரம்."

கிளைவ் கோட்டைப் பார்த்தார். மேலிருந்து மூன்றாவது பட்டன் ஒரு சாயல் மாறியிருந்தது. அது என்றைக்குத் தெறித்தது, என்றைக்குத் தைத்தாள் என்று அவருக்குத் தெரியாது.

படகு கிளம்ப நேரமாகிவிட்டது. "ஏறுங்க, ஒரு சுத்து வந்துட்டுப் போங்க. நனைஞ்ச கோழி மாதிரி இருக்கீங்க," என்று பாம் அவரை ஏற்றிக்கொண்டாள். கடைசி வரிசையில் நோரீனின் இடத்தைக் காட்டினாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்காரப் போனதும் தடுத்தாள்.

"அதுல வேண்டாமே. ரெண்டு டிக்கெட் வாங்கி, அதைக் காலியாவே வச்சுக்கிட்டு வருவா. பை கூட வைக்க மாட்டா."

இங்கேயுமா? கிளைவ் நோரீனின் இருக்கையில் உட்கார்ந்து, கோட்டை மடியில் போட்டுக்கொண்டார். படகு பாலத்தடியில் நுழைந்து வெளிச்சத்துக்கு வந்தது. ஆச்சரியமாக, காலையிலிருந்து கொதித்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டிருந்தது. எவனோ ஒருத்தன் இருந்தால்தான் என்ன? அந்த இருக்கை யாருக்கு முதலில் வந்தது? வாரா வாரம் தட்டில் வைத்து நீட்டினாள். 'அடுத்த வாரம்' என்று சொல்லிச் சொல்லியே இவர்தான் தள்ளிவிட்டார். வந்து வாங்கிக்கொண்டவன் மேல் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது? வருத்தப்பட மட்டும்தான் உரிமை இருந்தது. அதை அவர் தாராளமாக அனுபவித்தார்.

அடுத்த வியாழக்கிழமை நானும் வருகிறேன் என்று இன்றைக்கே நோரீனிடம் சொல்லிவிட வேண்டும். வண்டி நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டாவது கூட்டிவர வேண்டும். டிக்கெட் மூன்றாக வாங்கினால் போகிறது. அந்த ஆளிடம் மரியாதையாகவே பேசிப் பார்க்கலாம்.

பாம் டிக்கெட் கிழித்து முடித்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள். "நீங்க நோரீனுக்கு...?"

"ஒரே வீட்டுலதான் இருக்கோம்."

பாம் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியது. "அப்பாடா. காலம் போன காலத்துலயாவது அவளுக்கு ஒரு துணை கிடைச்சுதே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, கள்ளி."

கிளைவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே தீருவது என்று முடிவு செய்தார். காலி இருக்கையைக் காட்டினார்.

"யாருங்க அந்த ஆளு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்."

பாம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்டயும் சொல்லலையா? அவ புருஷன்தாங்க, பாவம், நல்ல மனுஷனாம், அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு. ரிட்டையர் ஆன அன்னிக்கு டிவிக்கு எதிர்ல நாற்காலியில போய் உட்கார்ந்தாராம், அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம்."